மைத்துனனின் கல்யாணமும் மனித மலர்ச்சித் துறையும்

கொதிகலன்காரரின் மைத்துனனுக்கு நாற்பத்து நான்காம் வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. செய்தி கேட்ட உறவினருள் பாதிப்பேர் மகிழ்ந்தனர், மீதிப்பேர் நம்பவில்லை. நியாயம் நம்பாதவர் பக்கமே இருந்தது. ஏனெனில் அம்மைத்துனன் முன்னரே இருமுறை மாப்பிள்ளைக் கோலம் பூண்டவன். இருமுறையும் கோலத்தோடு காணாமற் போனவன். முதன்முறை, முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன், மூன்றாம் நாள் வேறோர் ஊரிலிருந்து தொலைபேசியில் நலம் விசாரித்தான். இரண்டாம் முறை முகம் கழுவுவதாகக்கூடச் சொல்லவில்லை.

ஆள் கெட்டவன் அல்லன். கடிகாரம் பழுதுபார்ப்பது தொழில். எறும்பின் கால் அளவே உள்ள திருகாணியையும் கை நடுங்காமல் முடுக்குவான். நூறுபேர் ஒருங்கே தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும், அவனைக் கேளாமலே அவன் கால்கள் நடக்கத் தொடங்கிவிடும். இம்முறை மணமகள், ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகர். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு முகூர்த்தம். மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. எஞ்சியிருந்தது மாப்பிள்ளையை அம்மண்டபத்துக்குள் நிறுத்திவைக்கும் வேலை ஒன்றே.

“அத்தான், நீங்க என் பக்கத்துலயே நிக்கணும்,” என்று கேட்டுக்கொண்டான் மைத்துனன். “கையைப் பிடிச்சுக்கங்க. விட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல. என் காலைப் பத்தி உங்களுக்கே தெரியும்.”

“பிடிச்சுக்கறேன்டா.”

“இறுக்கிப் பிடிக்கணும்.”

“இருபத்திரண்டு வருஷமா பாய்லர் வால்வு திருகற கைடா இது. பயப்படாதே.”

அடுக்களையிலிருந்து மனைவி தீர்ப்புச் சொன்னாள்: “முதல்ல லீவு வாங்கற வழியைப் பாருங்க. பாய்லர் எங்கயும் ஓடாது. என் தம்பி ஓடுவான்.”

கொதிகலன்காரர் வேலை பார்த்தது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில். அட்டை நெளிவதற்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனுக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான் அவருடைய பணிவிவரம். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போதே அவர் தலைமைப் பொறியாளரிடம் போய் நின்றார்.

“ஒரு நாள்தானேய்யா? போய்ட்டு வா. பாய்லரை நானே பாத்துக்கறேன். சர்டிபிகேட் எனக்கும் இருக்கு,” என்றார் பொறியாளர். பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது.

ஆக, வேலை நிற்காது. மாற்று ஆளும் உண்டு. குறைவு அனுமதி ஒன்றுதான். அதை வழங்கவேண்டியது மனித மலர்ச்சித் துறை.

இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. ஆதியில் அது மாடிப்படியின் அடியில் ஒரு மேசையாக இருந்தது. பெயர் ஆட்கள் பிரிவு. மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர், ஒரு பேரேடு, ஒரு சிவப்புப் பென்சில். “எதுக்கு?” என்பார், “எத்தனை நாள்?” என்பார், பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அவர் ஓய்வு பெற்றபின் பிரிவு பணியாளர் துறையாகி நால்வரைப் பெற்றது. பின்னர் மனிதவளத் துறையாகி ஒன்பதின்மரைப் பெற்றது. வளம் போதாதென்று கண்டு, அண்மையில் மனித மலர்ச்சித் துறையாகிப் பத்தொன்பதின்மரோடு மாடி முழுவதையும் பெற்றது. அதே காலத்தில் தொழிலாளர் தொகை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றெண்பதாகக் குறைந்தது. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று துறை ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. தொழிலாளர்கள் அம்மாடியைப் பூந்தோட்டம் என்று அழைத்தனர்.

பூந்தோட்டத்தில் நாற்காலிகள் இல்லை. அவற்றுக்கு மாறாகப் பெரிய பெரிய பஞ்சு மூட்டைகள் கிடந்தன. உட்கார்ந்தவர் தாமே எழ முடியாத வகையைச் சேர்ந்தவை அவை. கொதிகலன்காரர் அவற்றுள் ஒன்றில் அமர்ந்து, மார்பளவு புதைந்து, அங்கிருந்தபடியே விடுப்பு கேட்டார்.

எதிரில் இருந்தவர் இடைவெளி அலுவலர். இருபத்தாறு வயதுப் பெண், குரலில் சர்க்கரை, முகத்தில் உண்மையான பரிவு.

“கல்யாணமா! ரொம்ப சந்தோஷம் அண்ணா. ஆனா லீவுன்னு இப்ப நாங்க சொல்றதில்ல. ‘மலர்ச்சி இடைவெளி’ன்னு சொல்லணும்.”

“சரிம்மா. அது ஒரு நாள் வேணும்.”

அவர் கணினியைத் தட்டினார். பரிவு அதிகமாயிற்று. “உங்க முழுவட்ட மதிப்பீடு முடியலையே அண்ணா. அது முடிஞ்சவங்களுக்குத்தான் இடைவெளி. உங்களுக்கு மேல ஒருத்தர், பக்கத்துல மூணு பேர், கீழ மூணு பேர் உங்களைப் பத்தி எழுதணும்.”

“மேல சீஃப் இருக்காரு.”

“நல்லது. பக்கத்துல?”

“பாய்லர் இருக்கு.”

“கீழ?”

“தரை இருக்கும்மா.”

பெண் சிரிக்கவில்லை. கொதிகலனின் பெயரை உரிய கட்டத்தில் இட்டுப் பார்த்தார். கொதிகலனுக்குப் பணியாளர் எண் இல்லையென்று கணினி மறுத்துவிட்டது. தரையை அவர் முயலவில்லை.

“லீவு போடாமலே போயிட்டு வந்துடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம் அண்ணா! அனுமதியில்லாம ஒரு நாள் வரலைன்னாலும், ‘தாமாக விலகியவர்’னு சிஸ்டம் எழுதிடும். மறுநாள் கேட் திறக்காது. திருத்தறதுக்கு எங்களுக்கே வழியில்ல. நாங்கதான் அதை அப்படிப் பண்ணினோம்.”

கொதிகலன்காரரை மூட்டையிலிருந்து எழுப்ப இருவர் தேவைப்பட்டனர்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவரோடும் ஒருசொல் தடித்துப் பேசாமல் வேலை பார்த்த தமக்கு ‘உறவுக் குறைபாடு’ இருப்பதை அவர் அக்கடிதத்தின் வாயிலாக அறிந்தார். குறைபாட்டை நீக்கும் பொருட்டு மூவர் அவருக்குப் ‘பக்கத்தவர்’ ஆக நியமிக்கப்பட்டிருந்தனர். ஒருவர் வாயிற்காவலர், ஒருவர் உணவகத்தில் பரிமாறுபவர், ஒருவர் லாரி ஓட்டுநர். மூவரும் கொதிகலன் அறைவரை வந்து, வெக்கை தாளாமல் வாசலிலேயே நின்று, அவரை ஐந்து நிமிடம் உற்றுநோக்கி, மதிப்பீடு எழுதினர்.

‘இவர் உங்களை ஊக்குவிக்கிறாரா?’ என்ற கேள்விக்கு வாயிற்காவலர், “காலையில் வணக்கம் சொல்வார். மாலையில் சொல்லமாட்டார். மாலையில் நான் பணியில் இல்லை” என்று எழுதினார். பரிமாறுபவர், “இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நல்ல மனிதர்” என்றார். ஓட்டுநர், “இவரை இன்றுதான் பார்க்கிறேன். பார்க்காதவரை ஒரு குறையும் இல்லை” என்றார். இவற்றைக் கூட்டி வகுத்து, கணினி அவரை ‘மலரும் தறுவாயில் உள்ளவர்’ என்று அறிவித்தது.

எனினும் கீழே மூவர் வேண்டுமே? இதற்கு வழி கேட்க அவர் துறைத் தலைவரையே பார்க்கும்படி ஆயிற்று. தலைவர் உயரமானவர், இனிமையானவர், ஒருவரைப் பார்த்துப் பேசும்போதும் ஒரு சபையைப் பார்த்துப் பேசுவது போலவே பேசுபவர்.

“முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தாராம்,” என்று தொடங்கினார். “ஒரு நிமிஷத்துல லீவு கொடுத்துடுவாராம். கேட்டப்ப எனக்கு உடம்பே நடுங்கிப்போச்சு. அந்த ஒரு நிமிஷத்துல என்ன தரவு கிடைச்சிருக்கும்? ஒண்ணுமே கிடைச்சிருக்காது. லீவு மட்டும்தான் கிடைச்சிருக்கும்! இன்னிக்கு ஒரு விண்ணப்பத்துலேருந்து நாற்பத்தோரு தரவு எடுக்கறோம். போன வருஷம் மட்டும் எண்பத்தாறாயிரம் தரவு.”

“லீவு எத்தனை சார்?”

“அது எங்க இலக்குலயே இல்லீங்க.” தலைவர் கனிவோடு முறுவலித்தார். “நான் சேர்ந்த புதுசுல, ஆளுங்களைப் பாக்கறதுலயே பாதி நாள் போயிடும். ஒருத்தர் அழுவார், ஒருத்தர் கத்துவார். இப்ப அந்தத் தொல்லையே கிடையாது. மனுஷங்களைப் பத்திச் சிந்திக்க முழு நேரமும் கிடைக்குது. இந்த வருஷத்துல நான் நேர்ல பாக்கற முதல் தொழிலாளி நீங்கதான். எப்படி இருக்கு உங்களுக்கு?”

“கொஞ்சம் குளிருதுங்க,” என்றார் கொதிகலன்காரர். குளிர்பதன வசதி அவருக்குப் பழக்கமில்லை.

தலைவர் உதவ விரும்பினார் என்பதில் ஐயமில்லை. ஏழு நாள் எவருக்கேனும் கீழே பணியாற்ற அவகாசம் உள்ளவர் யார் என்று எல்லாப் பிரிவுகளையும் கணினி வழியே கேட்டார். வெட்டும் பிரிவு, ஒருவரும் இல்லை என்றது. ஒட்டும் பிரிவும் அச்சுப் பிரிவும் அவ்வாறே கூறின. அனுப்பும் பிரிவு பதில் அனுப்பவே நேரமில்லை என்று பதில் அனுப்பிற்று. ஒரே ஒரு பிரிவில் மட்டும் அவகாசம் உள்ளோர் பத்தொன்பதின்மர் இருப்பதாகக் கணினி கண்டுபிடித்தது. அவர்களுள் மூவரை அதுவே தேர்ந்தெடுத்துக் கொதிகலன்காரருக்குக் கீழே வைத்தது. அம்மூவர் ஆவார்: இடைவெளி அலுவலர், உற்சாக அலுவலர், பண்பாட்டு அலுவலர்.

மறுநாள் காலை மூவரும் குறிப்பேடுகளோடு கொதிகலன் அறைக்குள் வரிசையாக நுழைந்தனர்.

“இன்னிக்கு எங்களுக்கு என்ன உத்தரவு சார்?” என்றார் பண்பாட்டு அலுவலர். நிறுவனத்தின் ஏழு விழுமியங்களைச் சுவர்களில் எழுதிவைப்பவர் அவர்.

கொதிகலன்காரர் வாழ்நாளில் எவருக்கும் உத்தரவிட்டவர் அல்லர். வீட்டில் அதற்கு வாய்ப்பில்லை, இங்கே ஆளில்லை. வெகுநேரம் யோசித்து, ஒரு முக்காலியைக் காட்டினார்.

“இங்க உக்காந்து இந்தக் கண்ணாடிக் குழாயைப் பாருங்க. தண்ணி பாதிக்குக் கீழ இறங்கினா என்னைக் கூப்பிடுங்க.”

“இறங்கறதுக்கு முன்னாடி அதோட ஒரு உரையாடல் வச்சுப் பாக்கலாமா சார்?”

“தாராளமா பேசுங்க. பேசிக்கிட்டே என்னையும் கூப்பிடுங்க.”

முதல்நாள் மூவரும் வியர்த்து வாடினர். இரண்டாம் நாள் இடைவெளி அலுவலர் அழுத்தமானியின் முள்ளை மணிக்கொருமுறை பார்த்து ஏட்டில் எழுதக் கற்றார். தாம் எழுதிய எண்ணை ஒருவர் உடனே படித்து, அதற்கேற்ப ஒரு வால்வைத் திருகியதைப் பார்த்து அவர் கண்கள் விரிந்தன. “நான் எழுதினதைப் படிச்சா திருகினீங்க?” என்று இருமுறை கேட்டார். உற்சாக அலுவலரின் வழக்கமான பணி, காலைதோறும் கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்துக் கைதட்டச் செய்வது. மூன்றாம் நாள் முதல் அவர் கைதட்டுவதை நிறுத்திவிட்டார். இரு கைகளிலும் சாம்பல் வாரும் மண்வெட்டி இருந்தது. அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து எவரும் பார்த்ததில்லை.

ஏழாம் நாள், கல்யாணத்துக்கு முந்திய செவ்வாயன்று, மூவரும் தத்தம் மதிப்பீட்டை மிகச் சிறப்பாக எழுதி அனுப்பினர். வட்டம் முழுமையாயிற்று. கணினி பச்சை விளக்குக் காட்டிற்று. கொதிகலன்காரர் வீட்டுக்குப் போய்ச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

புதன்கிழமை காலை இடைவெளி அலுவலர் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

“சார்… அண்ணா… சார், ஒரு சிக்கல். மூணு பேர் உங்களுக்குக் கீழ இருக்கறதால சிஸ்டம் உங்களைத் ‘தலைவர்’ பட்டியல்ல சேத்துடுச்சு.”

“எடுத்துடச் சொல்லும்மா.”

“எடுக்க முடியாது சார். தலைவர்கள் எல்லாரும் கட்டாயம் தலைமைப் பயிற்சிக்குப் போகணும். ஒரு நாள் பயிற்சி.”

“என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

அன்று மாலை அவர் வீட்டில் இச்செய்தியைச் சொன்னார். மனைவி கஞ்சி போட்ட சட்டையை எடுத்து, நான்காக மடித்து, பெட்டியின் அடியில் வைத்தாள். இருபது ஆண்டு இல்லறத்தில் அதைவிடக் கடுமையான சொல்லை அவர் கேட்டதில்லை. மைத்துனனும் அங்கேதான் இருந்தான். அவன் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே, “அத்தான், வெள்ளிக்கிழமை காலைல பஸ்ஸு நிறைய இருக்காம்,” என்றான்.

“நீ எதுக்குடா விசாரிச்சே?”

“சும்மாதான்.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

“சும்மாதான் அத்தான்,” என்றான் அவன், சன்னலைப் பார்த்து.

வியாழக்கிழமை காலை கொதிகலன்காரர் மீண்டும் தலைவர் அறையில் நின்றார். அங்கே பயிற்சிக்கான ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. சுவரில் ஒரு துணிப்பதாகை: ‘விலக விழைவோரைத் தக்கவைத்தல்.’

“ரொம்ப முக்கியமான பொருள் இது,” என்று தலைவர் விளக்கினார். “போன வருஷம் முப்பத்திரண்டு பேர் வேலையை விட்டுப் போயிட்டாங்க. ஏன் போறாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போட்டேன். குழுவுல ரெண்டு பேர் போயிட்டாங்க. அதனால நாளைக்கு எங்க பத்தொன்பது பேருக்கும் உங்களை மாதிரித் தலைவர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி. ஒரே ஒரு குறைதான். பயிற்சிக்கு உண்மையான ஒரு நேர்வு வேணும். போகணும்னு துடிக்கற ஒரு ஆள் வேணும். இங்க எல்லாரையும் கேட்டுட்டோம். போக நினைக்கறவங்க யாரும் போகப்போறோம்னு எங்ககிட்ட சொல்லமாட்டேங்கறாங்க.”

கொதிகலன்காரர் தந்திரசாலி அல்லர். தோன்றியதைத்தான் சொன்னார்.

“என் மச்சினன் இருக்கானுங்க.”

“அவர் எந்தப் பிரிவு?”

“இங்க இல்லீங்க. நாளைக்குப் பத்தரை மணிக்கு அவனுக்குக் கல்யாணம். ரெண்டு தடவை ஓடியிருக்கான். நாளைக்கும் ஓடுவான். பஸ் நேரமெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கான்.”

தலைவர் மெல்ல எழுந்தார். அவர் கண்களில் ஈரம் இருந்ததாக இடைவெளி அலுவலர் பின்னர் சொன்னார்.

“இரண்டு முன் விலகல்கள்,” என்றார் தலைவர், நூல் வாசிப்பவர் போல. “வெளிப்படையான நோக்கம். குறித்த நேரம். இப்படி ஒரு நேர்வை நான் பாடப்புத்தகத்துலகூடப் பாத்ததில்ல. எல்லாரும் வண்டிக்கு ஏற்பாடு பண்ணுங்க. பயிற்சி மண்டபத்துல நடக்கும்!”

இவ்வாறாகக் கொதிகலன்காரர் விடுப்புப் பெறாமலே, முழுச் சம்பளப் பணிநாளில், பணியின் பொருட்டே, மைத்துனன் கல்யாணத்துக்குப் போகும் உத்தரவைப் பெற்றார். சட்டை பெட்டியின் அடியிலிருந்து வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்கும் பத்தொன்பதின்மர் இறங்கினர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு.

“யாருங்க இவங்கல்லாம்? பொண்ணு வீட்டுக்காரங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“நம்ம ஆபீஸ். அதுல மூணு பேர் எனக்குக் கீழ வேலை பாக்கறவங்க.”

“உங்களுக்குக் கீழயா?” மனைவி அவரைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

பத்து மணிவரை யாவும் ஒழுங்காக நடந்தன. மேடையில் மைத்துனன், பக்கத்தில் கொதிகலன்காரர், இருவர் கையும் கோத்தபடி. உறவினர்கள் அக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தனர். மணமகள் இன்னும் மேடைக்கு வரவில்லை. மாப்பிள்ளையின் உள்ளங்கை ஈரமாயிற்று. எனினும் வால்வு திருகிய பிடி நழுவவில்லை.

பத்தேகாலுக்குத் தலைவர் ஒரு தாளோடு மேடையேறினார்.

“மன்னிக்கணும். வருகைப் பதிவு. தலைவர் நிலையில இருக்கறவங்க கையெழுத்துப் போடலைன்னா பயிற்சிக்கு வந்ததாவே ஆகாது.”

“அப்புறம் போடறேன் சார்.”

“பத்து இருபதுக்குள்ள அனுப்பணும். இல்லைன்னா உங்களை வராதவர்னு சிஸ்டம் எழுதிடும். அதுக்கப்புறம் கேட்…”

இடக்கையால் கொதிகலன்காரருக்கு எழுத வராது. ஒரே ஒரு கையெழுத்து, நான்கே எழுத்து. அவர் கையை விட்டு, பேனாவை வாங்கி, மூன்றாம் எழுத்தை முடித்து நிமிர்ந்தபோது பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை. மாலை மட்டும் நாற்காலியில் கிடந்தது. நான்காம் எழுத்து எழுதப்படவில்லை.

“போயிட்டானா?” என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். வருத்தமாக அன்று, நேரத்தைக் குறித்துக்கொள்பவர் போல.

மைத்துனன் சமையற்கட்டைக் கடந்து பின்வாசலை நெருங்கியிருந்தான். வெளியே சந்து, சந்தின் முனையில் பேருந்து நிறுத்தம். வாசற்படிக்கும் அவனுக்கும் இடையே ஒரு சிறிய மேசை கிடந்தது. மேசைக்குப் பின்னால் இடைவெளி அலுவலர் அமர்ந்திருந்தார். வெளியேறும் வழிகள் அனைத்திலும் விடைபெறும் நேர்காணலுக்கு ஒரு மேசை போடவேண்டும் என்பது துறையின் விதி.

“போறீங்களா அண்ணா? உங்களை யாரும் தடுக்கமாட்டாங்க,” என்றார் அவர். “உக்காந்து இந்தப் படிவத்தை மட்டும் நிரப்பிட்டுப் போயிடுங்க.”

மைத்துனன் கூட்டத்துக்கு அஞ்சுபவன். படிவத்துக்கு அஞ்சுபவன் அல்லன். மேலும், இருக்கச்சொன்னால் இருப்பவன். எதிரில் உட்கார்ந்தான்.

“விலகும் நிறுவனம்?”

“கல்யாணம்.”

“சேர்ந்த நாள்?”

“இன்னும் சேரலீங்க. பத்தரைக்குத்தான்.”

“சேராமலே விலகறதா? அதுக்கு ஊதாப் படிவம் அண்ணா. நாற்பத்திரண்டு கேள்வி. பரவாயில்ல, மெதுவா எழுதுங்க.”

மைத்துனன் எழுதலானான். ‘மாற்று வாய்ப்பு உண்டா?’ என்பதற்கு ‘பஸ்’ என்றெழுதினான். ‘பணியிடத்தில் காற்றோட்டம் போதுமானதாக இருந்ததா?’ என்பதற்கு ‘ஆம்’ என்றான். இவ்வாறு பதினெட்டாம் கேள்வியை அடைந்தான். ‘இங்கு நீங்கள் மகிழ்ந்திருந்த ஒரு நாளை விவரிக்க’ என்றது அது.

அவன் பேனாவை நிறுத்தினான். பிறகு, குனிந்த தலை நிமிராமல் எழுதத் தொடங்கினான். கட்டம் நிறைந்தது, ஓரத்தில் எழுதினான். ஓரம் நிறைந்தது, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினான். கொதிகலன்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து கதவோரம் நின்றபோது, இடைவெளி அலுவலர் உதட்டில் விரல்வைத்து அவரை அடக்கினார். அவர் தம் கீழ்ப்பணியாளரின் உத்தரவுக்குப் பணிந்து நின்றார்.

முடித்ததும் மைத்துனன் தாளை நீட்டினான். அலுவலர் அதை வாசித்தார். பிறகு, எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வியை, பணியிற் சேர்ந்த நாள்தொட்டு முதன்முறையாக, தாமாகவே கேட்டார்.

“அப்ப எதுக்கு அண்ணா போறீங்க?”

“எல்லாரும் பாக்கறாங்க,” என்றான் அவன்.

“இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. மேலதிகாரி ஆட்சேபணை இல்லைன்னு போடணும். இங்க அது… கல்யாணப் பொண்ணுதான்.”

விதி விதிதானே? மைத்துனன் ஊதாத் தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டின் வழியே திரும்பி, நிறைந்த மண்டபத்தின் நடுவே நடந்தான். முந்நூறுபேர் பார்த்தனர். அவன் தாளை மட்டுமே பார்த்து நடந்தமையால் அது அவனுக்குத் தெரியவில்லை. மணமகள் அப்போதுதான் மேடைக்கு வந்து நின்றிருந்தார்.

“இதுல ஒரு கையெழுத்து வேணும்,” என்றான்.

நூலகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தொழிற்பழக்கம், ஒருவரியும் விடவில்லை. பின்பக்கத்தில் அவன் இவற்றை எழுதியிருந்தான்: நூலகத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பழுதுபார்க்க ஓராண்டில் ஏழுமுறை போனதையும், ஏழாம் முறை அதில் ஒரு பழுதும் இல்லாததையும், பெண்டுலத்தை நூலகரே கையால் நிறுத்தியிருந்ததற்கு அடையாளமாகத் தூசியில் ஒரு விரற்பதிவு இருந்ததையும், அதைத் துடைக்க மனமில்லாமல் தான் வெறுமனே இரண்டுமணிநேரம் திருகாணி முடுக்குவதுபோல் நின்றதையும்.

“கையெழுத்துப் போடமாட்டேன்,” என்றார் நூலகர்.

“ஏன்?”

“பதினெட்டாவது கேள்விக்குப் பதில் படிச்சேன். மீதியை அப்புறம் எழுதலாம். இப்ப உக்காருங்க.”

இருக்கச்சொன்னால் இருப்பவன் என்று முன்பே சொன்னோம். உட்கார்ந்தான். பத்து முப்பத்திரண்டுக்குக் கல்யாணம் ஆயிற்று. முன்வரிசைப் பெரியவர் நெடுநேரம் தம் கைக்கடிகாரத்தையே நம்பாமல் பார்த்தார். உற்சாக அலுவலர் கைதட்டினார். இம்முறை அவர் சொல்லாமலே எல்லாரும் தட்டினர். மனைவி அழுதுகொண்டே கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “கையை விட்டுட்டீங்களே, பாவி மனுஷா!”

“அதான் அவன் போகலையே.”

“நீங்க விட்டீங்கல்ல?”

இதற்குள் தலைவர் மணமக்களை அணுகியிருந்தார். ‘தக்கவைத்தல் விழுக்காடு: நூறு’ என்று கோப்பில் எழுதியாயிற்று, கொதிகலன்காரரின் மூன்றெழுத்துக் கையெழுத்தும் வருகையாக ஏற்கப்பட்டது, ஆயினும் அவர் முகத்தில் நிறைவில்லை.

“வாழ்த்துகள். ஒரு சின்ன விஷயம்,” என்றார். “படிவத்துல இன்னும் இருபத்துநாலு கேள்வி பாக்கி இருக்கு. முடிக்காத படிவத்தைச் சிஸ்டம் ஏத்துக்காது. தாளைக் கொடுத்தீங்கன்னா…”

“கொடுக்கறதுக்கில்ல சார்,” என்றார் மணமகள்.

“எப்பத் திருப்பித் தருவீங்க?”

“எங்க நூலகத்துல சில புத்தகத்தை வெளிய கொடுக்கறதில்ல. வேணும்னா இங்கயே உக்காந்து படிச்சிட்டுப் போங்க.”

தலைவர் தயங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். மேடையின் விளிம்பிலேயே, கால்களைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். முதற்பக்கத்தை விரைவாக முடித்தார். பின்பக்கத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. பந்திக்கு இருமுறை அழைத்தார்கள், எழவில்லை. கடைசியில் தலையுயர்த்தி, “இந்தப் பதினெட்டாவது கேள்வியைப் படிவத்துல சேத்தது யாரு?” என்று கேட்டார்.

பத்தொன்பதின்மரும் நடுங்கினர். “நான் இல்ல சார்,” என்றார் ஒருவர். “நானும் இல்ல,” என்றார் அடுத்தவர்.

“திட்டறதுக்குக் கேக்கலை,” என்றார் தலைவர். “அதை என்கிட்ட யாராவது கேக்கணும்போல இருக்கு.”

அத்துறையில் இத்தகைய விண்ணப்பத்துக்குப் படிவம் இருக்கவில்லை. கொதிகலன்காரர்தான் போய் மேடையின் விளிம்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சொல்லுங்க சார்,” என்றார். “எனக்கு இன்னிக்கு வேற வேலையில்ல.”